தூங்குபவரை எழுப்பாத கடை

சந்தையின் கண்ணாடிக் கூரை வழியாகக் காலை வெயில் இறங்கும்போது நடுக்கூடம் முழுக்கப் பஞ்சு மிதக்கும். யார் தும்மினாலும் பழி தலையணைக் கடை மேல்தான். மீன்காரர் மீசையில் பஞ்சு, ஜூஸ்காரர் புருவத்தில் பஞ்சு. பஞ்சு அடிக்கிறவளுக்கோ, தான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா, இன்னும் பாயில் கிடக்கிறோமா என்பதே பல நாள் பிடிபடாது.

நடுக்கூடம், எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். ஆளுக்கு ஒரு மேசை அகலம், ஒரு வருஷத் தவணை. அதற்குள் வியாபாரம் காலூன்றிவிட்டால் சுவரோரமாக ஷட்டர் போட்ட கடை கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மீன்காரர், ஜூஸ்காரர், செருப்புத் தைப்பவர் எல்லாம் இந்தக் கூடத்தில் தொடங்கிச் சுவரோரம் போய்ச் சேர்ந்தவர்கள். யாருக்குக் கடை, யாருக்கு மூட்டை என்று முடிவு செய்பவர் சந்தை மேலாளர். இடுப்பில் கொத்துச் சாவி குலுங்க நடப்பதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்.

பஞ்சுக்காரி ஒரு வாயில்லாப் பூச்சி. அந்தக் குறையே தெரியாதபடி அவளுடைய நாத்தனாருக்கு இரண்டு பேருக்கான வாய். தம்பி லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிய, தம்பி பெண்டாட்டியையும் கடையையும் கட்டி மேய்ப்பவள் அவள்தான். மேசை போட வேண்டிய இடத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டது மட்டும் பஞ்சுக்காரியின் யோசனை. தலையணையைக் கையால் அமுக்கிப் பார்த்தால் என்ன தெரியும், தலை வைத்துப் பார்க்கட்டுமே என்றாள். பார்த்தார்கள். படுத்தார்கள், படுத்தவர்கள் தூங்கிப்போனார்கள். கிடங்கில் இரவு வேலை முடித்தவர், ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்தவள், இன்னும் யார் யாரோ. எழுப்ப அவளுக்கு மனசே வராது. பக்கத்தில் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருப்பாள்.

"இது கடையா, சத்திரமா? ஒருத்தன் குறட்டை விட்டுக்கிட்டிருந்தா அடுத்தவன் எப்படிடி வந்து பாப்பான்?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள்.

"தூங்கட்டும் அண்ணி. எத்தனை நாள் தூக்கமோ, பாவம்."

நாத்தனார் ஒரு நாளும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது கிடையாது. நாம் படுத்தால் வியாபாரமும் படுத்துவிடும் என்பாள். வீட்டிலும் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. எந்நேரம் புரண்டு பார்த்தாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

சாவிக்காரர் முடிவு சொல்ல வரும் நாள் நெருங்கியது. ஒரு வாரமாக அவரிடம் பேச வேண்டியதை நாத்தனார் சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே உறைகள் தைத்துக் குவித்தாள். அவர் வரும் நாளன்று காலை கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள், தலையணையைத் தட்டினாள், "ஒரே நிமிஷம்டி" என்று உட்கார்ந்தாள். பஞ்சுக்காரி ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் ஆள் சாய்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாய் பேசாமல் திறந்திருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மீன்காரர் கூவுவதற்காக மூச்சை இழுத்தார். கட்டிலில் யார் என்று பார்த்ததும் இழுத்த மூச்சை அப்படியே விழுங்கினார். ஜூஸ்காரர் மிக்ஸியை நிறுத்தினார். செருப்புத் தைப்பவர் சுத்தியலை வைத்துவிட்டுப் பசை தடவ ஆரம்பித்தார். மீன் வாங்க வந்தவர்கள் காரணம் தெரியாமலேயே குரலைத் தாழ்த்தி, விரலால் காட்டி வாங்கிப் போனார்கள். எப்போதும் காது கிழியும் சந்தையில் இப்போது புறாக்கள் இறக்கை அடிப்பது கேட்டது. பஞ்சு மட்டும் தன்பாட்டுக்கு மிதந்தது.

அந்த அமைதிக்குள் சாவிக்காரர் வந்தார். அவரையும் அது என்னவோ செய்துவிட்டது. சாவிக்கொத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களை எழுப்புங்க," என்றார் மெதுவாக. "அவங்கதானே பேசுவாங்க."

பஞ்சுக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். எழுப்பினால் கடை கிடைக்கும்; அண்ணி பேசினால் கல்லும் கரையும். தான் பேசினால் வந்த வழியே போக வேண்டியதுதான். எழுப்பத்தான் கையை நீட்டினாள். நீட்டிய கை, நாத்தனாரின் காலில் விலகியிருந்த சேலையை இழுத்துவிட்டது.

"எழுப்ப மாட்டேங்க. கேக்கறதை என்கிட்ட கேளுங்க."

"இப்படி வந்து தூங்கறவங்க எல்லாரும் தலையணை வாங்கறாங்களா?"

ஆமாம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட அவளுக்குத் தெரியவில்லை. "இல்லீங்க. பாதிப் பேரு சும்மா தூங்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்களே அவங்க சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. இங்க நல்லா தூக்கம் வருதுன்னு சொல்லி." ஒரு தலையணையைத் தொட்டுக் காட்டினாள். "வாங்கினவங்க ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லீங்க. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

சாவிக்காரர் சுற்றிலும் பார்த்தார். கூவாத மீன்காரரை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கொத்திலிருந்து ஒரு சாவியைச் சத்தமில்லாமல் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மூலைக் கடை. ஆனா இந்த இடத்தை இப்பவே விட்டாகணும். புதுசா வந்தவங்க வாசல்ல நிக்கறாங்க."

வாசலில் ஒரு குடும்பம் மூட்டைகளோடு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பஞ்சுக்காரி கட்டிலைப் பார்த்தாள். சந்தோஷத்தில் வந்த அழுகையோடு, எழுப்பாமல் இதை எப்படி நகர்த்துவது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அவள் யாரையும் கேட்கவில்லை. மீன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். ஜூஸ்காரர் ஒன்று, செருப்புத் தைப்பவர் ஒன்று. மிச்சமிருந்த காலைச் சாவிக்காரர் பிடித்தார். கட்டில் தரையை விட்டு எழும்பியது. கூட்டம் தானாக விலகி வழிவிட, வெயிலும் பஞ்சுமாக இருந்த கூடத்தின் நடுவே நாத்தனார் மிதந்து போனாள். பஞ்சுக்காரி தலையணைகளை அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

உச்சிவேளைக்கு நாத்தனார் கண் விழித்தாள். தலைக்கு மேலே கண்ணாடி இல்லை, வெள்ளையடித்த தாழ்வான கூரை.

"எங்கடி இருக்கேன்? அவர் வந்தாரா?"

"வந்தாரு. நம்ம கடைக்குள்ளதான் இருக்கீங்க அண்ணி."

"எப்படி வந்தேன்?"

"தூக்கிட்டு வந்தாங்க. மீன்காரர், ஜூஸ்காரர், செருப்புத் தைக்கிறவர், சாவிக்காரர்."

"உயிரோட இருக்கிறவளைக் கட்டிலோட தூக்கினாங்களா? வெளங்கும்!" என்று சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். முந்தானை தானாகக் கண்ணுக்குப் போனது.

"இங்க வந்த நாள்லேருந்து எனக்கு ஏன் தூக்கமே இல்லைன்னு உனக்குத் தெரியுமாடி? செத்தா தூக்கறதுக்கு நாலு பேர் இல்லாத இடத்துக்கு வந்துட்டமேன்னுதான்."

பஞ்சுக்காரி ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்க அண்ணி," என்றாள்.