சகலையோட இருபத்துமூணு

காலை ஏழு மணிக்கே அவருக்குக் கடுப்பு ஏறிவிட்டது. நாலு டயருக்கும் காற்று பார்த்தாயிற்று. டிக்கியில் கிடந்த குடை, பாய், பழைய செருப்பு எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. கூரைமேல் இருந்த கேரியரைக்கூடக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டாயிற்று. கடைசியில் பார்த்தால் மனைவி ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"ஒரு நாள் போயிட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு?"

"வேணும்," என்றாள்.

எல்லாம் சகலையால் வந்த வினை. மனைவியின் அக்கா புருஷன், மலைமேல் குடியிருக்கிறார். அவர் காரும் இதே கம்பெனி, இதே மாடல், கலர்கூட இதேதான். மாசம் ஒரு தடவை தங்கச்சியைப் பார்க்க அக்காவைக் கூட்டிக்கொண்டு இறங்கி வருவார். வாசலில் வண்டியை நிறுத்தி, மைலேஜ் காட்டும் மீட்டரைப் படம் பிடித்து இவருக்கு அனுப்பிவிட்டுத்தான் மனுஷன் செருப்பையே கழற்றுவார். லிட்டருக்கு இருபத்துமூணு கிலோமீட்டர். இவர் தலைகீழாக நின்றாலும் பதினெட்டைத் தாண்டாது. நாலு வருஷமாக இதே வயிற்றெரிச்சல்.

இவர்கள் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "மலை ஏறினா வண்டி குடிச்சுத் தள்ளிடும், அவங்களே வரட்டும்" என்பார். போன வாரம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகலைன்னா நான் பஸ் ஏறிடுவேன்" என்று மனைவி சொன்ன தினுசைப் பார்த்து இவர் தலையாட்டிவிட்டார்.

நெடுஞ்சாலையில் முள் எண்பதைத் தாண்டக் கூடாது. ஏசி போட்டால் பெட்ரோல் போகும். கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்து இழுக்கும், அதற்கும் போகும். ஆக இரண்டும் கிடையாது. அவள் கைக்குட்டையை நனைத்து நனைத்துக் கழுத்தில் ஒற்றிக்கொண்டாள். ஒரு லாரிக்காரன் ஹாரனாலேயே திட்டிவிட்டு முந்திப் போனான்.

"பாட்டில் காலி. எங்கயாவது நிறுத்துங்க, தண்ணி வாங்கணும்."

"நிறுத்தி எடுத்தா குறைஞ்சிடும். இப்பதான் இருபதைத் தொட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலைப்பாதை தொடங்கியதும் இருபது பத்தொன்பதாயிற்று. நாலாவது வளைவில் பதினாறு. இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு ஏற ஏற, இவருக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. எதிரே ஒரு கார் இறங்கி வந்தது. எஞ்சின் சத்தமே இல்லை, அதுபாட்டுக்கு உருண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. சகலை அனுப்பிய படம் அத்தனையும் இவர் வீட்டு வாசலில் எடுத்தது. எல்லாம் இறங்கி வந்த கணக்கு. ஏறினால் குடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்கு, இறங்கினால் குடிக்காது என்பது மட்டும் நாலு வருஷமாகப் புத்தியில் ஏறவில்லை. தன்மேலேயே அவருக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

போய் நின்றபோது மீட்டர் பன்னிரண்டு காட்டியது. சகலை கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார்:

"எவ்வளவு கொடுத்துச்சு?"

"பன்னெண்டு. உங்களுக்கு ஏறும்போது எவ்வளவு கொடுக்கும்?"

"பதினொண்ணு வந்தா பெரிசு."

"அதை ஒரு நாளும் சொல்லலையே சகலை."

"நீங்க ஒரு நாளும் ஏறி வரலையே."

மாவுக்கட்டோடு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். "நாங்க இங்க குடிவந்து நாலு வருஷம் கழிச்சு இப்பதான் என் வீட்டு வாசல்ல உன் கால் படுது," என்றாள். தங்கச்சி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்று அழுதார்கள். எங்கே பார்ப்பது என்று இவருக்குத் தெரியவில்லை.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். டிக்கியைத் திறந்து பெட்டியைத் தானே இறக்கினாள்.

"அக்கா எழுந்து நடக்குறவரைக்கும் நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"அப்ப நான்?"

"நீங்க இறங்கிப் போங்க," என்றாள். "நானும் இல்லை, பெட்டியும் இல்லை. நல்லா கொடுக்கும்."