இரண்டாவது அடுப்பு

“இன்னைக்கு நீ கூடையைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போற. இல்லீன்னா இனி இந்த ஊட்டுப் படியில கால் வெக்காத.”

சித்தன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இருபது வருஷக் குடித்தனத்தில் அவன் அத்தாயியிடம் இப்படிப் பேசியதில்லை. உள்ளே அவளுடைய அண்ணன் சின்னராஜ் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். விடிந்தும் விடியாததுமாக மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் பிடித்து வந்த மனுஷன் சும்மா வரவில்லை. அவர் மகன் ஜெயபிரகாஷுக்கும் அத்தாயியின் மகள் வெண்ணிலாவுக்கும் தை மாதம் கல்யாணம்.

“நான் உன்னைய மெரட்ட வல்லே கண்ணு” என்றார் சின்னராஜ். “‘உன் தங்கச்சி லைன்காரிங்களோட கலந்துட்டாளாமே’ன்னு எங்கூர்ல கேக்கறாங்க. இங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இன்னைக்கு வேலைக்குப் போறாங்க. நீயும் போயிட்டா பேச்சு அடங்கிரும். போகலீன்னா, பொண்ணெடுக்க எனக்கு மூஞ்சி இல்ல.”

கதவுக்குப் பின்னால் வெண்ணிலா நின்றிருந்தாள்.

“நான் போயிட்டா புவனேஸ்வரி கதி என்னாகும்ணா?”

“அவ கதி அவளோட!” என்று சித்தன் கத்தினான். “உனக்கு நீ பெத்தவ பெருசா, அவ பெருசா?”

புவனேஸ்வரி, எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் குடியிருப்பவள். அவள் தாத்தா காலத்தில், கீழே ஒரு சேரியிலிருந்து காப்பி பறிக்க மலையேறி வந்த குடும்பம். எஸ்டேட்டை வாங்கிய புது முதலாளி, இருக்கிற பெண்களை நிறுத்திவிட்டுக் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கப் போவதாகச் சொன்னபோது, ஊர்ப் பெண்களையும் லைன் பெண்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்தவள் அத்தாயிதான். எஸ்டேட் கேட்டை மறித்து அத்தனை பேரையும் உட்கார வைத்தாள். நாகலூர் பக்கத்தில் அப்படியொன்றை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

உட்கார்ந்த முதல் நாளே வந்தது வினை. எல்லாருக்கும் கஞ்சி காய்ச்ச புவனேஸ்வரி அடுப்பு மூட்டினாள். சித்தனின் தங்கை கலா முகத்தைச் சுளித்தாள்.

“அவ தொட்டுக் காச்சினதை நாங்க எப்படிங்க அண்ணி குடிக்கறது? ஊரு சும்மா உடுமா?”

ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். போராட்டம் அங்கேயே குலைந்துபோகுமே என்று அத்தாயிக்குப் பதைத்தது. ஒரு யோசனை சொன்னாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டை ஒட்டி ஊருக்கு ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் லைனுக்கு ஓர் அடுப்பு. முதலில் ஜெயிப்போம், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! புவனேஸ்வரி சூடேறியிருந்த கற்களைக் கந்தலால் பிடித்துப் பெயர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சங்கத் தலைவி அத்தாயி இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டு இடத்தில் புகை எழுவதைப் பங்களாவிலிருந்து பார்த்த முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? நேற்று சாயங்காலம் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் செல்லப்பன் ஊருக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊர்ப் பெண்களுக்கு வேலை உண்டு. லைன்காரர்கள் விடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அத்தாயி கூடையை எடுத்தாள். சித்தன் வழி விட்டான்.

கேட்டில் பனி இன்னும் விலகவில்லை. ஊர்ப் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். “வாங்க தலைவரம்மா, நல்ல முடிவுங்க” என்று ரைட்டர் அவளுக்காகக் கேட்டை அகலத் திறந்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சட்டி பானை, பாய், டிவி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் நனைந்து கிடந்தன. நடுவில் புவனேஸ்வரியின் அடுப்பு எரிந்தது. கேட்டுக்குள் ஓரடி வைத்தால் மகள் கழுத்தில் தாலி ஏறிவிடும். அத்தாயி திரும்பி ரோட்டைத் தாண்டி நடந்தாள்.

“எனக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்து புவனா.”

புவனேஸ்வரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இப்ப எதுக்குங்கக்கா? அன்னைக்கு நீங்க ஒருத்தர் வந்து இங்க குடிச்சிருந்தா, எங்க சாமானம் ரோட்டுக்கு வந்திருக்காது.”

“தெரியுது.”

“தெரிஞ்சு என்ன பண்றது? போங்க. வெண்ணிலா கல்யாணமாச்சும் நடக்கட்டும்.”

அத்தாயி கூடையைக் கீழே போட்டுவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். “ஊத்து. பசிக்குது.”

புவனேஸ்வரி கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளரில் ஊற்றினாள். நாக்கு வெந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக அத்தாயி குடித்தாள். பின்னாலேயே வந்திருந்த சின்னராஜ் இதைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய தட்டும் டம்ளரும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கிடந்தன. பக்கத்தில் மூன்று கல். கலா கொண்டுவந்து வைத்தது.

“இனி உனக்குத் தனி அடுப்பு” என்றான் சித்தன், உள்ளேயிருந்தே.

வெண்ணிலா வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “ஒரு வாய்க் கஞ்சிம்மா. அதுக்கு என் வாழ்க்கையக் கெடுத்துப்போட்டியே.”

அவள் கேட்டதில் என்ன தப்பு? அத்தாயிக்கு மகளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. வெண்ணிலா கிட்டே வரவிடவில்லை. அத்தாயி தட்டையும் டம்ளரையும் பொறுக்கிக்கொண்டு, ரோட்டோரம் தார்ப்பாய் கட்டியிருந்த புவனேஸ்வரியிடமே திரும்பிப் போனாள்.

தை பிறந்தது. ஜெயபிரகாஷுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். எஸ்டேட்டில் கடைசிக் காப்பிப் பழமும் பறித்து முடிந்தது. மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் கூடையோடு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. வடக்கேயிருந்து வந்த ஆட்களை ஏற்றிய வேன் ஒன்று உள்ளே நின்றது.

“இனி எல்லாம் காண்ட்ராக்டுங்க. உங்களுக்கு வேலை இல்லீங்க” என்றார் ரைட்டர், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

அத்தனை பேரும் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். மத்தியானம் பசி எடுத்தது. கலா எழுந்து ரோட்டோரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து கேட்டை ஒட்டி இந்தப் பக்கம் போட்டாள். இரண்டாவது கல்லையும் போட்டாள். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அத்தாயி ரோட்டைத் தாண்டி வந்து அந்த இரண்டையும் எட்டி உதைத்தாள்.

“ஏனுங்க அண்ணி!”

“இனி இங்க ஒரே அடுப்புதான் கலா. அது அந்தப் பக்கம் எரியுது. பசிச்சா வா.”

சொல்லிவிட்டு அவள் போய்ப் புவனேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சி கொதிக்கும் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கலாவைப் பார்த்தார்கள். கலா கல்லைக் கையில் பிடித்தபடி நின்றாள். கீழே வைக்கவும் இல்லை, ரோட்டைத் தாண்டவும் இல்லை.