வாசல் பானை

மக்காவியைத் தூக்கிப்போன ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அதற்குள் கொசு ஒழிப்புப் பிரிவு ஹாஷிம், டார்ச்சும் நீண்ட கரண்டியுமாக வாசலில் வந்து நின்றான். இறந்தவனுக்காக இரு கைகளையும் ஏந்தி, "அல்பாத்திஹா" என்றான். அவதீயாவும் ஏந்தினாள். மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மக்காவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கைகூடக் கனத்தது.

"டெங்குல உசுரு போன வீட்டை அன்னிக்கே பாக்கணும்னு உத்தரவு. உங்களுக்குத் தெரியாததா அக்கா?" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

தெரியாமல் என்ன? பதினோரு வருஷமாகப் போர்ட் சூடானின் இந்தத் தெருக்களில் கொசுப்புழுவுக்காக வீடு வீடாகப் பானை திறந்து பார்ப்பவள் அவள்தான்.

பாயில் இருந்த பக்கத்து வீட்டு நிஅமத் குரல் கொடுத்தாள். "இவ வீட்டுல என்னத்தப் பாக்கப்போற? எம் மக கல்யாணத்தன்னிக்கே எங்க வீட்டுப் பானையைக் கவுத்துட்டுப் போன ராட்சசி. வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்ல!"

யாரோ சிரிக்கத் தொடங்கி, இது சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அதானே," என்றான் ஹாஷிம் நிம்மதியாக. பேனாவை எடுத்தான்.

வாசல் பானை, அப்பா இறந்தபோது அவர் பேரில் வைத்தது. வழியில் போகிறவர்கள் குடிக்கும் ஒவ்வொரு மிடறும் அவர் அடங்கிய கபுருக்கு நன்மை என்று அம்மா பதூலுக்கு நம்பிக்கை. மிச்சத் தண்ணீரைக் கொட்ட விடவே மாட்டாள். மேலே மேலே ஊற்றுவாள். அவதீயா முதல் வருஷம் சண்டை போட்டாள். பிறகு அலுத்துவிட்டது. ஊரோடெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் யார் கட்டுவது? மூடியைத் தொடாமலே வாராவாரம் 'புழு இல்லை' என்று எழுதிவந்தாள்.

இன்று இவனும் அதையே எழுதிவிட்டால் போதும். அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது ஓரிரு நாளில் இறக்கை முளைத்து நிஅமத் வீட்டுக்குப் போகும்.

"எழுதாத," என்றாள். "தொறந்து பாரு."

ஹாஷிம் மூடியை நீக்கி மொண்டான். டார்ச் வெளிச்சத்தில் கரண்டிக்குள் பொடிப்பொடியாக நெளிந்தன. அவளைப் பார்த்தான், சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பதூல் பாயிலிருந்து எழுந்து வந்தாள். "என்ன அது?"

"கொசுப்புழும்மா."

"நீதானே வாராவாரம் பாக்குற?"

"பாக்கலம்மா. பாத்ததா எழுதினேன்."

கத்துவாள், மாரில் அடித்துக்கொண்டு விழுவாள் என்று அவதீயா காத்திருந்தாள். தன்னை அடித்தாலும் தேவலை என்றிருந்தது. பதூல் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருமுனையில் ஆண்களின் வெள்ளை அங்கிகள் தெரிந்தன. பதூல் உடலைச் சுற்றியிருந்த தோபின் முனையை இழுத்து இடுப்பில் செருகினாள். பானையின் விளிம்பைப் பற்றினாள்.

"பாத்துக்கிட்டே நிக்காத. அந்தப் பக்கம் புடி."

இருவருமாகச் சாய்த்தார்கள். தண்ணீர் தெருமணலில் ஓடிச் சுவறியது. கடைசிச் சொட்டும் வடிந்த பிறகும் பதூல் பானையிலிருந்து கையை எடுக்கவில்லை.