மிண்டா அக்காவுக்கு வைத்த தொலைபேசி

என் அக்கா மகள் ஷெரிலினின் கல்யாணத்தில், வந்தவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகம் வைக்கவில்லை. அது பழைய பாணியாம். ஏற்பாடுகளைக் கவனிக்க வந்த பெண், அதற்குப் பதிலாக என்னென்னவெல்லாம் உண்டு என்று படம் படமாகக் காட்டினாள். ஒன்றில், எல்லோரும் கட்டைவிரலை மையில் தோய்த்து, வரைந்து வைத்த மொட்டை மரத்துக்கு இலை போடுகிறார்கள். இன்னொன்றில், மரத்தில் வெட்டிய குட்டி இதயங்களில் பெயரெழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போடுகிறார்கள்.

"எழுதி முடிச்சப்புறம் அந்தப் பெட்டிய என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"வீட்ல அழகுக்கு வைக்கலாம் ஆன்ட்டி."

"ஆமா, பல்லி முட்டை போட வசதியா இருக்கும்."

ஷெரிலின் சிரிக்கவில்லை. அவள் விரல் ஒரு பழைய சுழல் தொலைபேசியின் படத்தில் நின்றது. ரிசீவரை எடுத்தால் பீப் என்று கேட்கும், நாம் பேசுவது பதிவாகும். கம்பி எங்கேயும் போகாது. "இதுதான் வேணும் சித்தி. அம்மாவுக்கு" என்றாள்.

என் அக்கா மிண்டா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அவர்கள் லீவு தரவில்லை. வேலை நேரத்தில் கைபேசியைத் தொடக்கூடாது என்பதால் வீடியோவில் பார்க்கவும் வழியில்லை. "போட்டோ வேணாம் செண்டா, போட்டோல எல்லாரும் பல்லக் காட்டிட்டு நிப்பாங்க. குரலு அனுப்பு. நம்ம ஊரு பேசுறதக் கேட்டுட்டே படுத்துக்குவேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து, விருந்து எங்கள் பகுதியின் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில். பந்தலும் நாற்காலிகளும் கவுன்சிலர் பந்திகேயின் உபயம். கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கும் ஞானத்தகப்பன்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பன் என்றால் பக்தியைப் பார்த்தா கூப்பிடுகிறார்கள்? பதவியைப் பார்த்துத்தான். அடுத்த தேர்தலில் மேயருக்கு நிற்கப்போகிறவர் என்று மாப்பிள்ளை வீட்டார் ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். அவருடைய ஆட்கள் காலையிலேயே வந்து, இடமிருந்த பக்கமெல்லாம் அவர் முகத்தைக் கட்டிவிட்டார்கள்.

தொலைபேசி மேசையின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா மீது இத்தனை பேருக்குப் பாசமா என்று நினைத்தேன். கர்ச்சீப்பைக்கூட எடுத்துவிட்டேன், வெட்கங்கெட்டவள்.

பக்கத்தில் போனதும் முதலில் காதில் விழுந்தது இது: "கவுன்சிலர் ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சிபாரிசுக் கடுதாசி குடுத்தீங்கன்னா…"

அடுத்தவர் கூரைக்குத் தகரம் கேட்டார். அதற்கடுத்தவன் கூடைப்பந்துச் சட்டை கேட்டான், முதுகில் ஐயா பெயரையே போட்டுக்கொள்வதாகச் சொன்னான். ஒருவன் சாவு வீட்டுக்குச் சவப்பெட்டி கேட்டான். ஒரு அம்மாள் அவருடைய பிரசாரப் பாட்டை முழுசாகப் பாடி, நடுவில் இருமி, மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

மேசையைப் பார்த்தேன். 'பீப் கேட்டதும் மணமகளின் அம்மாவோடு பேசுங்கள்' என்று ஷெரிலின் தன் கையால் எழுதி வைத்திருந்த அட்டையைக் காணோம். அதை மறைத்து ஒரு பேனர் தொங்கியது. அதில் கவுன்சிலர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'உங்கள் குரலைக் கேட்கிறேன்.' அதன் நேர் கீழே ஒரு தொலைபேசி. ஊரார் என்ன நினைப்பார்கள்?

அவரிடம் போனேன். அவர் சுட்ட பன்றியின் மொறுமொறுத் தோலை நொறுக்கிக்கொண்டிருந்தார். மோவாய் வரை கொழுப்பு வழிந்தது.

"ஐயா, உங்க பேனர எடுக்கச் சொல்லுங்க. அந்த போன் எங்க அக்காவுக்கு வச்சது."

"பேசட்டும் விடுங்க, பாவம் ஜனங்க. அப்புறம் அந்தப் பதிவ நம்ம பையன்கிட்ட குடுத்துடுங்க. யாருக்கு என்ன தேவைன்னு எனக்கும் தெரியணும்ல?"

"அது அக்காவுக்குப் போகணும்."

"உங்க அக்காவுக்கு எதுக்குங்க இவங்க குறையெல்லாம்?" அவர் விரலை நக்கினார். "அவங்க ஓட்டுதான் இங்க இல்லையே."

அவரோடு சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது.

திரும்பிப் போய் பேனரைப் பிடித்து இழுத்தேன். கவுன்சிலரின் காது கிழிந்து கையோடு வந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க. இது கவுன்சிலருக்குப் போகாது. ஹாங்காங்ல இருக்குற மிண்டாவுக்குப் போகும். அவளோட பேச வந்தவங்க நில்லுங்க."

வரிசை கரைந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். கடைசியாக ரிசீவரைக் கையில் வைத்திருந்தவள் எங்கள் அடுத்த வீட்டு லூர்தெஸ். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சோப்பும் சட்டையுமாக அக்கா அனுப்பும் பெட்டியை நான் பிரிக்கும் முன்னாலேயே வாசலில் வந்து நிற்கிறவள்.

"அப்ப ஐயா இதக் கேக்க மாட்டாரா?"

"மாட்டாரு. மிண்டா கேப்பா. பேசு."

"அவகிட்ட என்னத்தப் பேசுறது? சாப்பாடு தீந்துடும், நான் சாப்ட்டு வந்துடுறேன்" என்று ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கத்தினேன்: "கேட்டியா மிண்டா அக்கா? உன் ஊரு லட்சணத்தக் கேட்டியா? நீ அங்க அடுத்தவன் கக்கூஸக் கழுவி அனுப்புன சோப்புல குளிச்சு, நீ அனுப்புன சட்டையப் போட்டுட்டு, நீ பெத்த பொண்ணு கல்யாணத்துல வந்து தின்னுதுங்க மிண்டா அக்கா, இந்த நன்றி கெட்ட நாய்ங்க!" இன்னும் சொன்னேன். அவற்றை எழுத முடியாது. பங்குத்தந்தை காதைப் பொத்திக்கொண்டாராம்.

பிறகு ஷெரிலின் வந்து அழுதுகொண்டே பேசினாள். மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசினான். வேறு யாரும் வரவில்லை. லூர்தெஸ் இரண்டாம் முறை சோறு வாங்கினாள், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஏற்பாட்டுப் பெண்ணிடம், தாயும் மகளும் கேட்கும்படியானதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை வெட்டச் சொல்ல நினைத்திருந்தேன். அவள் என்னைக் கேட்காமல் மொத்தத்தையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"எல்லாம் கேட்டேன் செண்டா. சவப்பெட்டி கேட்டானே, அது யாரு மகன்?"

"அக்கா, என்னை மன்னிச்சுடு. நான் கத்துனத மட்டுமாவது அழிச்சுடு. அசிங்கம்."

"அழிக்க மாட்டேன். அதத்தான் போட்டுப் போட்டுக் கேக்குறேன்."

"ஏன்க்கா?"

"ஷெரிலின் அம்மான்னா. மாப்ள அத்தைன்னாரு. இங்க இத்தன வருஷமா ஆயான்னுதான் கூப்பிடுறாங்க. அவ்வளவு பேரு பேசுனதுல மிண்டான்னு என் பேரச் சொன்னது நீ ஒருத்திதான்டி. அதுவும் கெட்ட வார்த்தைக்கு நடுவுல."

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். 'அக்கா' என்றுதான் வந்தது, பெயர் வரவில்லை.