பக்கத்து சீட்டின் எடை

எங்கள் காருக்கு இரண்டே சீட். அது வீட்டுக்கு வந்த அன்று என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பின்கதவைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தான். இல்லாத கதவை எவ்வளவு நேரம்தான் தேட முடியும்? கடைசியில் டிக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், பேரன் வந்தா எங்க உட்காருவான்?" என்றான்.

"பஸ்ல வரட்டும்."

"கைக்குழந்தை அத்தான்."

"அப்ப அரை டிக்கெட்டுகூட வேண்டாம்."

பேரன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் பிறக்கப்போகிறான் என்று மகள் வீட்டுக்கு விமானம் ஏறிய என் மனைவி, "மூணே மாசம்ங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் ஊரில் மூன்று மாதம் முடிய இத்தனை காலம் ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் அவன் கழுத்து நிற்கட்டும் என்றாள். நின்றது. குப்புற விழட்டும் என்றாள். விழுந்தான். இப்போது தவழ்கிறான். இப்படியே போனால் அவனுக்குப் பெண் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதனால்தான் இரண்டு சீட் வண்டியாகப் பார்த்து வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்றில் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அவள் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி.

வண்டி அழகு. தெருவில் போனால் நாய்கள்கூடக் குரைக்க மறந்து ஒதுங்கி நிற்கும். ஒரே குறை, கொஞ்சம் தூக்கி நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு பூனை குட்டிகளோடு குடித்தனம் நடத்தலாம், மாடியில் வாடகைக்கும் விடலாம். பந்தயக்கார் என்று பெயர் வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தவன்போல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. இறக்கிவிடலாம் என்று மச்சானையும் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவளுக்காக வைத்திருந்த சீட்டில் அவன் காலை நீட்டி உட்கார்ந்ததே எனக்குப் பாதி எரிச்சல்.

ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பெண்மணியை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. டீ குடிக்கும்போதே தம்ளரின் விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறவர். வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அளந்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, ஸ்பிரிங்கை மட்டும் மாத்தறது. இப்ப இருக்கறதைக் கழட்டிட்டு குட்டையான ஸ்பிரிங் போட்டா வண்டி இறங்கிடும். எவ்வளவு இறங்குதோ அவ்வளவுதான், அப்புறம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்னொண்ணு காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தே வரும். அதுல மரை இருக்கும். வளையத்தைத் திருகி ஒவ்வொரு சக்கரத்துக்கும் உயரத்தைத் தனித்தனியா வெச்சுக்கலாம்."

"ஸ்பிரிங்தான் அத்தான்," என்றான் மச்சான். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் காயில்ஓவர் போட்டான். ஒவ்வொரு பள்ளத்துலயும் கடகடன்னு பாத்திரக்கடை சத்தம். இப்ப அவன் பொண்டாட்டி வண்டியில ஏறினாலே காதுல பஞ்சு வெச்சுக்கறாங்க."

"நல்லா வெச்சா சத்தம் வராது," என்றார் மில்லிமீட்டர். "ஆனா மழை, தூசு பட்டா மரை இறுகும். பார்த்துக்கிட்டே இருக்கணும். தெருவுல ஓட்டற வண்டிக்கு ஸ்பிரிங்கே போதும்னுதான் நானும் சொல்லுவேன். நீங்க ஒருத்தர்தானே ஓட்டறீங்க?"

"ஆமா. இல்ல. ரெண்டு பேர்."

"யாரு, இவரா?"

"இவன் இல்ல," என்று நானும் "நான் இல்ல," என்று அவனும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மில்லிமீட்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். காயில்ஓவர் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எடைமேடை வைப்பார்களாம். ஓட்டுகிறவர் அவருடைய சீட்டில் உட்கார வேண்டும். பக்கத்தில் வழக்கமாக யார் உட்காருவாரோ அவரும் உட்கார வேண்டும், வரமுடியாவிட்டால் அவர் எடைக்கு மணல்மூட்டை. அந்தப் பாரத்தோடு வளையங்களைத் திருகி வண்டியைச் சமமாக்குவார்களாம். அதாவது இன்னார் இன்னாரோடு போவதற்கென்றே வண்டி நிற்கும்.

"ஸ்பிரிங்குக்கு?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங் யாரையும் கேக்காது சார்."

அந்த வாக்கியம் என்னை எங்கேயோ இடித்தது. யாரையும் கேட்காத ஸ்பிரிங் எனக்கு எதற்கு?

"காயில்ஓவர் போடுங்க," என்றேன். மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அப்ப அவங்க எடை சொல்லுங்க."

ஓய்வு பெறும்வரை நான் லிஃப்ட் ஆய்வாளர். ஊரில் உள்ள லிஃப்டுகளில் நான் ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்குப் போய்விட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று இன்னொரு தடவையும் போய்வந்திருப்பேன். மனிதர்களைக் கிலோவாகவே பார்த்த கண் இது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன், பந்திக்குப் பின் என்று இரண்டு எடை சொல்வேன். அந்தத் திமிரில் சட்டென்று ஓர் எண்ணைச் சொன்னேன்.

மச்சான் சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது. "அத்தான், அது மாலை மாத்தினப்ப இருந்த அக்கா. அதுலயும் மாலையோட சேர்த்து இல்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் சொன்னது சரி. கண்ணை மூடிக்கொண்டு வேறொரு எண்ணைத் தேடினேன். கிடைக்கவில்லை. வீடியோவில் தினமும் பேசுகிறாள், ஆனால் பாதித் திரையில் பேரனின் உச்சந்தலை, மீதியில் அவள் நெற்றி. நெற்றியை வைத்து என்ன எடை போடுவது? இளைத்திருக்கிறாளா, கூடியிருக்கிறாளா? ஊர்ப் பாரத்தையெல்லாம் நிறுத்தவனுக்குத் தன் பெண்டாட்டி எடை தெரியவில்லை.

போன் போட்டேன்.

"எதுக்குங்க என் எடை?" என்றாள். "என்னைப் பார்சல்ல வரவழைக்கப் போறீங்களா?"

"வண்டிக்கு. உன் சீட்டுக்கு ஏத்த மாதிரி உயரம் வைக்கணுமாம்."

"தம்பி பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"அவனை ரோட்டுக்கு அந்தாண்ட போகச் சொல்லுங்க."

மச்சான் கேட்டருகே போய் நின்று காதை மட்டும் இங்கே விட்டுவைத்தான்.

"என் எடையைச் சொல்லாம வேற வழியே கிடையாதா?" என்றாள்.

"இருக்கு. வெறும் ஸ்பிரிங் போடலாம். அது யாரையும் கேக்காது."

"அப்ப அதையே போட்டுக்குங்க. நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியல. இவன் இப்பதான் தவழறான். இவளுக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. மாப்பிள்ளை பாவம் டூர்லயே இருக்கார். நான் வந்துட்டா இவங்க என்ன செய்வாங்க?"

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் நூறு ஜோக்குகள் இருந்தன. பேரனுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க லிஃப்ட் வைக்கலாம் என்பதுகூட நுனிநாக்குவரை வந்தது. எதிரே கழற்றிப்போட்ட சக்கரத்தில் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஏதாவது பேசுங்களேன். நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு."

"நீ இல்லாம அந்த சீட்டு ரொம்ப லேசா இருக்கு," என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. மில்லிமீட்டர் வேண்டுமென்றே ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார்.

"இருங்க," என்றாள் அவள். "இவனை இறக்கிவிட்டாத்தான் நான் மெஷின்ல ஏற முடியும்."

இடுப்பிலிருந்து இறக்கினாள். அவன் போட்ட கூச்சல் துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதியதுபோல் போனைப் பிளந்துகொண்டு வந்தது. அவள் அவனைத் தூக்கவில்லை. அவன் அழ அழ, எடை மெஷினில் ஏறி நின்று, நிதானமாக எண்ணைப் படித்துச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். அவள் திரும்பி வருவதற்கு இன்னும் கொஞ்சம் வாய்ப்பிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

"சேலையோட சேர்த்து," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுவாரம் காயில்ஓவர் ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எடைமேடைகள். என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் மணல்மூட்டைகளை அடுக்கி, கால் வைக்கும் இடத்திலும் ஒன்றை வைத்து, சரியாமல் இருக்க பெல்ட்டும் போட்டார் மில்லிமீட்டர்.

"அசையாதீங்க சார். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல."

மச்சான் ஜன்னலில் குனிந்து பார்த்தான். "எங்க அக்கா இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல."

சிரிக்கலாம் என்றால் அசையக்கூடாது என்கிறார்களே. அடியில் வளையம் திரும்பும் கிறீச்சென்ற சத்தம். வண்டி மெல்லத் தணிந்து, அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று இருந்து, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றது. லிஃப்ட் சரியான தளத்தில் நிற்கும்போது உள்ளங்காலுக்குத் தெரியுமே, அதுபோல் தெரிந்தது. பக்கத்தில் அவள் எடை. பெல்ட் போட்ட அவள் எடை. திரும்பிப் பார்த்தால் சாக்குதான் என்று தெரியும். ஆகவே நேராக ஒர்க்‌ஷாப் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு அசையாமல் இருந்ததில்லை. வேலை முடிந்தது என்று மில்லிமீட்டர் சொன்ன பிறகும் இறங்கவில்லை.

மூட்டைகளை எடுத்ததும் அந்தப் பக்கம் வண்டி மெல்ல எழும்பியது.

"ஆளில்லாதப்ப கொஞ்சம் தூக்கித்தான் நிக்கும்," என்றார். "ஒரு விரல் தடிமன்கூட இருக்காது, வேற யாருக்கும் தெரியாது. வேணும்னா இப்போதைக்கு உங்க ஒருத்தருக்கே வெச்சுத் தர்றேன். அவங்க வந்ததும் மாத்திக்கலாம். திருகறதுக்குத்தானே இது?"

"வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"ஒத்தையில ஓட்டும்போது சரியா இருக்காது சார்."

"தெரியும்," என்றேன்.

மச்சானை பஸ்ஸில் வரச்சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். ஏரிக்கரைச் சாலையில் முதல் வளைவு வந்தது. காலியான தெரு, எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் திருப்பியிருக்கலாம். மெதுவாகத் திருப்பினேன், பக்கத்தில் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படித் திருப்புவோமோ அப்படி.