சரி சொல்லப் பழகியவள்

பஸ்மிலாவுக்குப் பிரெஞ்சு வாத்தியார் அவளுடைய மாப்பிள்ளை ஷிப்லிதான். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் அவனுக்கு வேலை. கலியாணம் முடித்து ஒன்றரை வருஷத்தில் அவளோடு இருந்தது நாற்பதே நாள், மிச்சக் குடித்தனமெல்லாம் போனில். விசா வந்ததும் அவளும் அங்கே போக வேண்டும் என்று, தினமும் மதியம் லுஹர் தொழுத கையோடு பாடம் தொடங்கும்.

"புத்தகத்துல உள்ளது வேணா. இஞ்ச ஆக்கள் கதைக்கிற கதையப் பழகு" என்பான். சேர்ந்து ஏதும் செய்யக் கூப்பிட்டால் 'ஒன்' என்று தொடங்குவார்களாம். 'ஒன் இ வா?' என்றால் போவமா. 'ஒன் மான்ஜ்?' என்றால் சாப்பிடுவமா. எல்லாவற்றுக்கும் 'தக்கோர்' என்றால் சரி, காரியம் முடிந்தது. மறுத்துச் சொல்வதை மட்டும் ஐயா இன்னும் படிப்பிக்கவில்லை. நல்ல வாத்தியார்தான், போங்கள்.

உம்மா ஹாஜறா பக்கத்திலிருந்து இறால் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தத் தக்கோர் ஒன்றுதான் விளங்கும். ஆனாலும் மகள் வெள்ளைக்காரி மாதிரிக் கதைக்கிறாள் என்று சாய்ந்தமருது ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

வீடு பஸ்மிலாவின் பெயரில் இருந்தது. இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டி, உறுதிப் பத்திரத்தை அவள் பெயரில் எழுதித்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். கட்டி முடித்த மறுமாதமே வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா பின்னறைக்குப் பாயை மாற்றிக்கொண்டாள். அதை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை.

புதன்கிழமை ஷிப்லி வழக்கமான சிரிப்போடு கேட்டான்: "ஒன் வான் லா மெஸோன்?"

வீட்டை விற்போமா. விளங்காமலில்லை, நன்றாகவே விளங்கியது.

"எந்த வீட்ட?"

"பிரெஞ்சுல கதை" என்றான். பிறகு அவளுக்குத் தெரிந்த சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னான். பாரிஸில் சேர்ந்து ஒரு கடை எடுப்போம், சேர்ந்து நடத்துவோம், வீடு வாங்க ஆளும் இருக்கிறது, பிளேன் ஏறுமுன் நீ கையெழுத்து வைத்தால் போதும். அவன் ஏன் இதைப் பிரெஞ்சில் கேட்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னவாம் மருமகன்?" என்றாள் உம்மா.

"அங்க போனதும் கடைக்கிப் போவமாண்டு கேக்காரு."

"அப்ப சரியெண்டு சொல்லன் புள்ள. புருசன் ஆசையாக் கூப்புட்டா முழிச்சிக்கிட்டா இரிக்கிற?" மகளின் தோளுக்கு மேலால் போன் திரையை எட்டிப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து, உம்மாவே சொன்னாள்: "தக்கோர், மகன்."

ஷிப்லி விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா, மாமியே சரியெண்டிட்டா."

பஸ்மிலா உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, இவரு இந்த வீட்ட விப்பமாண்டு கேக்காரு" என்றாள். போனைப் பார்த்து, "நான் விக்கமாட்டன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. "அப்ப நீ இஞ்ச வரவும் தேவையில்ல" என்று ஷிப்லி தமிழில் சொல்லிவிட்டுப் போனை வெட்டினான்.

உம்மா இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மகளுக்குக் கிட்ட வந்தாள்.

"அவருக்குத் திரும்ப எடு புள்ள. சரியெண்டு சொல்லிரு. நான் என்ட தங்கச்சி ஸகியாட வீட்டுல ஒரு மூலையில கிடப்பன்."

அவன் இல்லாமல் இனி எப்படி என்று நினைக்கவே பஸ்மிலாவுக்குப் பயமாக இருந்தது. போன் கைக்குள்தான் இருந்தது.

"எடுக்கமாட்டன் உம்மா" என்று சொல்லி அழுதாள்.