கடல் சாமந்தி செத்த வழக்கு

சுப்புராமனுக்குச் சேதியைச் சொன்னது மூக்குதான். காலை ஆறரைக்குக் கூடத்துக்கு வந்தவர் அழுகல் வாடையில் அப்படியே நின்றுவிட்டார். மீன் தொட்டியின் விளக்கைப் போட்டதும் மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று வரை கையகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்த கடல் சாமந்தி, பாறையை விட்டுக் கழன்று, வாய் பிளந்து, நூல் நூலாகக் கரைந்துகொண்டிருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் போக்கிடம் தெரியாமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தன. மனைவி ராஜத்தைக் கூவிக் கூப்பிட்டார்.

சாமந்தி என்றால் பூ என்று நினைத்துவிடக் கூடாது. பூ மாதிரி இருக்கும் பிராணி அது. மற்ற மீன் நெருங்கினால் கொட்டிவிடும், கோமாளி மீனுக்கு மட்டும் மடியில் இடம் கொடுக்கும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துவிட்டு ஓய்வு பெற்றவருக்கு, படூர் அடுக்ககத்தில் பொழுது நகரவில்லை. இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கி, உப்பைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று இரண்டு மாதம் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மீன் வந்தது, அதற்கும் பிறகு சாமந்தி. மீன்கள் முதன்முதலாக அதற்குள் புகுந்து படுத்த அன்று, பேரன் பிறந்த மாதிரி பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அளக்காத எதையும் நம்பாத மனிதர் அவர். உப்பு, சூடு, அமோனியா என்று தினமும் சோதித்து நோட்டில் எழுதுவார். மின்விசிறிக் காற்றில் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு போகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை அவர் கையாலேயே ஊற்றுவார். அந்த வேலையை ராஜத்திடம்கூட விட்டதில்லை.

செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு நோட்டைப் புரட்டினார். நேற்று வரை எல்லா அளவும் சரி. அளவு சரி என்றால் தண்ணீர் சரி. தண்ணீர் சரி என்றால் தப்பு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவள் ஒருத்திதான்: திருவிடந்தையிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் வச்சலா. முந்தாநாள் சோப்பு ஈரத்தோடு அவள் கை தொட்டியருகே இருந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார்.

ஏழு மணிக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். கண்ணாடிக்கு வெளியே படிந்த உப்பைத் துடைத்ததாகவும், உள்ளே விரலைக்கூட வைக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு சோப்பும் மீனும் ஆகாது என்று தெரியாதா என்று ராஜம்கூட இழுத்துப் பார்த்தாள். சுப்புராமன் காதில் ஏறவில்லை. அவளை அனுப்பிவிட்டு, நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'வச்சலா என்ற பணிப்பெண்ணின் அஜாக்கிரதையால் என் தொட்டியில் ஓர் உயிர் போயிற்று. இனி எங்கள் வீட்டில் அவருக்கு இடமில்லை. மற்றவர்கள் யோசித்து முடிவு செய்க.'

மற்றவர்கள் எங்கே யோசித்தார்கள்? மத்தியானத்துக்குள் அவள் வேலை செய்த மற்ற நான்கு வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. சாயங்காலம் உள்ளே விடலாம் என்று காவலாளி வைத்திருக்கும் பட்டியலிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டார்கள். சுப்புராமன் அன்றைக்கு நிம்மதியாகத்தான் சாப்பிட்டார்.

நாலாம் நாள் புதுச் சாமந்தி வாங்க நாவலூர்க் கடைக்குப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தார். கடைக்காரர் ஜெபக்குமார் நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சோப்பு உள்ள போயிருந்தா மீன்தான் சார் மொதல்ல போயிருக்கும். மீன் ரெண்டும் நல்லா கீதுன்றீங்களே."

ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து, இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிட்டது. இது என்ன சோதனை, என் பெட்டியில் இது இல்லையே என்றார் சுப்புராமன். ஆரம்பப் பெட்டியில் இதெல்லாம் வராது, இது தாமிரத்துக்கு, பச்சையானால் தாமிரம் இருக்கிறது என்று அர்த்தம் என்றார் ஜெபக்குமார். மீன் தாங்குகிற அளவுத் தாமிரத்தைக்கூடச் சாமந்தி தாங்காது, தண்ணீர் வற்றினாலும் தாமிரம் உள்ளேயே தங்கிவிடும் என்றும் விளக்கினார்.

"வூட்ல தாமிரப் பாத்திரம் எதுனா பொழங்குறீங்களா சார்?"

தாமிரக் குடத்தில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று யாரோ அனுப்பிய சேதியைப் படித்து, அடுக்களையில் குடத்தை வைத்தவர் சுப்புராமன்தான். காலையில் தாம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வீட்டிலேயே உசத்தியான தண்ணீர் என்று மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றியவரும் அவர்தான். நாற்பது நாளாக, ஒரு நாள் தவறாமல். ஊட்டி ஊட்டியே கொன்றிருக்கிறார். ஐயோ, அந்தப் பெண்ணை என்ன செய்துவிட்டோம் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் புதுச் சாமந்தியைக்கூடக் கேட்காமல் கடையை விட்டு இறங்கினார்.

வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரைக் கேளம்பாக்கம் வழியாகத் திருவிடந்தைக்கு விட்டார். விசாரித்துக்கொண்டு போனதில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மீன் கடையில் வச்சலா வந்தவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை செதில். அவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது, நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

"சோப்புன்னு நீங்க எழுதுனீங்க. கேட்டாண்ட வாட்ச்மேன் இன்னா சொன்னாரு தெரியுமா சார்? திருட்டு கேஸுன்னு சொன்னாரு. எம் பொண்ணு கூட நின்னுகினு கேட்டுச்சு."

திருட்டா? அப்படி ஒரு சொல்லைச் சுப்புராமன் எழுதவேயில்லை. எழுதாவிட்டால் என்ன, ஊர்வாய்க்கு மூடி உண்டா?

"உங்க ஒரு வூட்ட வெச்சிகினு நான் இன்னா பண்றது? எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க. நான் பாக்கணும்."

எழுதினார். அந்த வெயிலில், மீன் வாடையில் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் எழுதினார். தாமிரக் குடம், நாற்பது நாள், கடைக்காரர் சோதித்தது. வச்சலாவின் மேல் துளித் தப்பும் இல்லை, திருட்டு என்பது முழுப் பொய், தயவுசெய்து அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று முடித்தார். அனுப்புமுன் அவளுக்கு வாசித்தும் காட்டினார். அவள் தலையசைத்தாள். அனுப்பினார்.

போன் உடனே அதிர ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. வச்சலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவர் வந்து நின்றதிலிருந்து இல்லாத வெளிச்சம் அவள் முகத்தில் வந்திருந்ததை அவரே பார்த்தார்.

சுப்புராமன் படித்தார். 'பெரிய மனசு சார் உங்களுக்கு.' கைதட்டும் படம் ஆறு. 'இந்த நேர்மை யாருக்கு வரும்?' மறுபடி கைதட்டல். 'எங்கள் வீட்டிலும் தாமிரக் குடம்தான், நல்ல தகவல், நன்றி.' இரண்டாம் மாடி ஹரிப்ரியா, நம் அடுக்ககத்துக்கே பெருமை என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு அவர் சேதியைப் பார்த்து வச்சலாவை முதலில் நிறுத்தியது ஹரிப்ரியா வீடுதான். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி படித்தார். முப்பத்தேழு பதில் வந்திருந்தது. வச்சலா என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை.

"யாரு யாரு வரச் சொல்றாங்கோ சார்?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுசு முழுக்க அளவுகளை உரக்கப் படித்துச் சொன்ன மனிதர் இதை மட்டும் படித்துச் சொல்லவில்லை. போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எல்லாரும் என்னைத்தாம்மா பாராட்டியிருக்காங்க."